குதிரை வீரரும் ஒரு குடம் தண்ணீரும்

ராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான்:

"எங்கள் எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடி வந்திருக்கிறது. போன வாரம் என் பெண் (ஐந்தாவது படிக்கிறாள்) நல்ல வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் வீடு பூட்டியிருந்தது. நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரி அவளைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இரண்டு இட்டிலியும் கொடுத்திருக்கிறாள். இது என் மாமியாருக்குத் தெரிந்து போயிற்று. 'அவர்கள் யார், என்ன என்று தெரியாமல் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாமா?' என்று அரை மணி நேரம் சத்தம் போட்டார். எனக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ராத்திரி படுக்கையில் குழந்தை என்னைக் கேட்டாள்: 'இனிமேல் தாகமாக இருந்தால் நான் என்னம்மா செய்யட்டும்?' எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்!"

சகோதரி, நானும் மாமியார்களை எதிர்த்துப் பேசும் தைரியம் உடையவன் அல்ல. ஆகவே நேராகப் பதில் சொல்லாமல் ஒரு கதை சொல்லப் போகிறேன். கதை என்றால் கற்பனை அல்ல, நடந்தது. கதாநாயகர் ஒரு குதிரைப்படைத் தளபதி. மார்பில் விருது, இடுப்பில் பட்டாக்கத்தி, பின்னால் மஞ்சள் உடை தரித்த ஆயிரக்கணக்கான குதிரை வீரர்கள். ஆனால் இந்தக் கதையில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அவரை அல்ல. அவர் வாழ்க்கையில் வந்த இரண்டு பெண்மணிகளை. அந்த இருவரில் ஒருவருக்குக்கூடச் சரித்திரத்தில் சரியான பெயர் இல்லை.

தளபதியின் பெயர் ஜேம்ஸ் ஸ்கின்னர். 1778-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பனார் ஹெர்குலிஸ் ஸ்கின்னர், ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் அதிகாரி. தாயார் நம் நாட்டுப் பெண். போஜ்பூர்ப் பக்கத்தில் ஒரு ராஜபுத்திர ஜமீன்தாரின் மகள். பதினான்காம் வயதில் ஒரு சண்டையில் சிறைப்பட்டு, வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

பதினான்கு வயது! நம் வீட்டில் அந்த வயதுப் பெண் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு போகிறாள். அந்தப் பெண் பாஷை தெரியாத ஒரு மனிதரின் வீட்டில் மூன்று ஆண் குழந்தைகளுக்கும் மூன்று பெண் குழந்தைகளுக்கும் தாயானாள். அவளுடைய தகப்பனார் வைத்த பெயர் என்ன? எங்கும் எழுதப்படவில்லை. வெள்ளைக்காரர்கள் அவளை 'ஜீனி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்தான் மிஞ்சியது.

1790-ஆம் ஆண்டு அந்த வீட்டில் ஒரு விபரீதம் நேர்ந்தது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தகப்பனார் முடிவு செய்தார். பெண் குழந்தைகள் படிப்பது நல்ல காரியந்தானே? நல்ல காரியந்தான். ஆனால் ராஜபுத்திர குலத்தில் பெண்கள் அந்நியர் கண்ணில் படக்கூடாது. திரைக்குப் பின்னால் இருப்பதுதான் குல மானம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அந்தத் தாய். தன் வீடு, தன் ஊர், தன் பெயர் எல்லாவற்றையும் இழந்த பிறகு அவள் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். பெண்களைத் தன்னிடமிருந்து பிரித்து வெளியே அழைத்துப் போனபோது, அந்த மானமும் போய்விட்டதாக நினைத்தாள். தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். அப்போது ஜேம்ஸுக்குப் பன்னிரண்டு வயது. பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

நேயர்களே, இதில் யாரைக் குறை சொல்வது? பள்ளிக்கூடத்தையா? திரையையா? எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த வீட்டில் ஒருவராவது அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பயத்தைக் கேட்டு, ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நல்ல காரியமேயானாலும் கேளாமல் செய்தால் அது அடியாக விழுந்துவிடுகிறது.

தாய் போன பிறகு பையன்கள் தர்மப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ஜேம்ஸை ஒரு அச்சுக்கூடத்தில் ஏழு வருஷத்துக்குத் தொழில் பழக விட்டார்கள். பையனுக்கு அச்சு மையின் வாசனை பிடிக்கவில்லை. (பத்திரிகைக்காரனாகிய எனக்கு அதில் சிறிது வருத்தந்தான்!) மூன்றாம் நாள் இரவே சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். சட்டைப் பையில் நாலணா. அந்த நாலணாவை வைத்துக்கொண்டு ஆறு நாள் காலந்தள்ளினான். அது தீர்ந்ததும் கடைத்தெருவில் மூட்டை தூக்கினான். தச்சனுக்குத் துளை போடும் கருவியின் கயிற்றை இழுத்துக் கொடுத்துக் கூலி வாங்கினான். கடைசியில் அக்காள் வீட்டு வேலைக்காரன் ஒருவன் பார்த்துவிட்டு வீட்டுக்கு இழுத்துப் போனான். அக்காள் புருஷர், தம் கச்சேரிக் காகிதங்களை நகல் எடுக்க உட்கார வைத்தார். அதுவும் பிடிக்கவில்லை. பையனுக்கு ஒரே ஆசை: பட்டாளம்.

தகப்பனார் பட்டாளத்து அதிகாரிதானே, சேர்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் தாயின் ரத்தம் குறுக்கே நின்றது.

1791-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உத்தரவு போட்டிருந்தது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கம்பெனியின் சிவில் உத்தியோகமும் கிடையாது, ராணுவ உத்தியோகமும் கிடையாது. 1795-இல் இன்னும் இறுக்கினார்கள். இரு பக்கமும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் பட்டாளத்தில் தம்பட்டம் அடிக்கலாம், குழல் ஊதலாம். அதிகாரியாகவோ சிப்பாயாகவோ கத்தி பிடிக்க முடியாது. தகப்பன்மார் செய்த கல்யாணங்களுக்கும், கல்யாணம் இல்லாத குடித்தனங்களுக்கும் பிள்ளைகளுக்குத் தண்டனை.

நமது வட சென்னைக்காரர்களுக்கு இந்தப் பிள்ளைகளின் வம்சம் புதிதல்ல. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் பழைய குடித்தனக்காரர்கள் 'சட்டைக்காரர்கள்' என்று சொல்வார்களே, அந்த ஆங்கிலோ இந்தியர்கள்தான். 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு ரயில்வே வளர வளர, என்ஜின் ஓட்டவும் சிக்னல் பார்க்கவும் அந்தக் குடும்பங்கள் நம் தெருக்களில் வந்து குடியேறின. பட்டாளத்தின் கதவு சாத்தப்பட்டவர்களின் சந்ததிக்கு ரயில்வேயும் தபால் தந்தியும் சுங்கமும் கதவைத் திறந்தன. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் வீட்டுக் கேக்கை வாங்கிச் சாப்பிட்ட ஞாபகம் உங்களில் எத்தனையோ பேருக்கு இருக்கும்.

ஸ்கின்னரின் காலத்தில் ரயில் கிடையாது. ஆனால் வடக்கே மராட்டிய மன்னர்கள் இருந்தார்கள். குவாலியர் சிந்தியாவின் படையில் ஐரோப்பியத் தளபதிகள் சிப்பாய்களுக்குக் கவாத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே தாயார் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜேம்ஸுக்கு ஞானத் தகப்பனாராக இருந்த ஒரு கர்னல், கையில் முந்நூறு ரூபாயும் ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்து அனுப்பினார். மாதம் நூற்றைம்பது ரூபாய்ச் சம்பளத்தில் சிந்தியாவின் படையில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். கூலி மூட்டை தூக்கிய பையன் கச்சையில் கத்தி கட்டினான்.

ஆனால் எப்படிப்பட்ட யுத்தத்தில் போய்ச் சேர்ந்தார் தெரியுமா? அந்நியன் படையெடுத்து வந்து, நாடே திரண்டு எதிர்க்கும் யுத்தம் அல்ல. பங்காளிச் சண்டை!

நம் குடும்பங்களில் பெரியவர் கண்ணை மூடியதும் என்ன நடக்கிறது? அதுதான் அங்கேயும் நடந்தது. 1794-இல் மகாத்ஜி சிந்தியா காலமானார். பதினைந்து வயதுகூட நிரம்பாத தௌலத்ராவ் பட்டத்துக்கு வந்தார். மகாத்ஜியின் விதவைகளுக்குத் தக்க ஜீவனாம்சம் கொடுப்பதாகச் சொன்னவர், கொடுக்கவில்லை. கேட்ட பெண்களை அவமானப்படுத்தி, அடிக்கவும் செய்தார்கள். அந்த விதவைகள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை, படை திரட்டினார்கள். பழைய விசுவாசமுள்ள தளபதிகள் அவர்கள் பக்கம் போனார்கள். ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொண்டார்கள்.

லக்வா தாதா என்று ஒரு கிழச் சிங்கம். 1800-இல் மால்புரா என்ற இடத்தில் ஜெய்ப்பூர்ப் படையை முறியடித்த சிந்தியா சேனைக்கு அவர்தான் தலைவர். அந்தப் போரில் ஸ்கின்னரும் சண்டையிட்டார். மறு வருஷம் அதே லக்வா தாதா விதவைகளின் பக்கம் நின்று சிந்தியாவை எதிர்த்தார். ஸ்கின்னருடைய மேல் தளபதியான பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவரை எதிர்த்துப் போரிட்டார். நேற்றுத் தோள் தட்டியவனை இன்று சுட வேண்டும். உள்நாட்டுப் போர் என்பதன் கொடுமையே இதுதான்.

பக்கத்தில் இந்தூர் ஹோல்கர் குடும்பம். அவர்களுக்கும் சிந்தியாவுக்கும் தீராப் பகை. இரண்டு பேருக்கும் பொதுத் தலைவரான பேஷ்வா பூனாவில் இருந்தார். 1802-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி, தீபாவளி நாளில், பூனாவுக்கு வெளியே ஹோல்கர் படை சிந்தியாவையும் பேஷ்வாவையும் சேர்த்து முறியடித்தது. பேஷ்வா ஓட்டம் பிடித்து, அந்த ஆண்டின் கடைசி நாளன்று இங்கிலீஷ்காரர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அண்ணன் தம்பி வழக்கில் வக்கீல் வீடு வாங்குவான் என்பார்கள். இங்கே வக்கீல் நாட்டையே வாங்கிவிட்டான்.

இந்தப் பங்காளிச் சண்டைகளின் நடுவே, 1800-ஆம் ஆண்டை ஒட்டி, ராஜஸ்தானத்தில் உனியாரா என்ற இடத்தில்தான் நம் கதையின் முக்கியமான கட்டம் நடக்கிறது.

கரௌலி ராஜாவுக்கும் உனியாரா ராஜாவுக்கும் தகராறு. கரௌலி ராஜா பணம் கொடுத்து சிந்தியாவின் படையிலிருந்து ஒரு பட்டாளத்தை வாடகைக்கு எடுத்தார். அதன் தலைவராக ஸ்கின்னர் போனார். அப்போது அவர் காலாட்படை அதிகாரிதான். குதிரைப்படை பிறகு வருகிறது. போர்க்களத்தில் கரௌலி ராஜாவின் ஆட்கள் கைவிட்டுவிட்டார்கள். ஸ்கின்னரும் அவருடைய சிப்பாய்களும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் எதிரி. கடைசியில் ஒரு குதிரைக்காரன் சுட்ட குண்டு அடிவயிற்றுக்குக் கீழே பாய்ந்தது. ஸ்கின்னர் விழுந்தார்.

பிற்பகல் போய் இரவு வந்தது. குளிர். நிலா வெளிச்சத்தில் பிணங்களுக்கு நடுவே காயம்பட்டவர்கள் தண்ணீர், தண்ணீர் என்று முனகினார்கள். நரிகள் வந்தன. கையை அசைக்க முடிந்தவர்கள் கல்லை எடுத்து வீசி அவற்றை விரட்டினார்கள். ஸ்கின்னருக்குப் பக்கத்தில் கால் போன ஒரு சுபேதார். உடம்பில் ஈட்டி பாய்ந்த ஒரு ஜமேதார். பொழுது விடிந்தது; வெயில் ஏறியது; யாரும் வரவில்லை.

பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மனிதர், ஒரு கிழவி. கையில் ஒரு கூடை, ஒரு குடம் தண்ணீர். தோல் வேலை செய்யும் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஏழைகள். சண்டையில் எந்தப் பக்கத்து ராஜா ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒரு பிடி நிலம் கிடைக்கப் போவதில்லை. விழுந்து கிடந்தவர்களில் யார் எந்தப் பக்கம் என்றும் அவர்கள் கேட்கவில்லை. அந்தக் கிழவி ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, கூடையிலிருந்து ஒரு துண்டு சோள ரொட்டியும், குடத்திலிருந்து தண்ணீரும் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

ஸ்கின்னர் வாங்கிக் குடித்தார்; ரொட்டியையும் தின்றார். ஜமேதாரும் வாங்கிக்கொண்டார். சுபேதார் மட்டும் மறுத்துவிட்டார். அவர் ராஜபுத்திரர். இன்னும் சில மணி நேரத்தில் சாகப் போகிறவன், அந்தச் சிறிது நேரத் தாகத்துக்காக ஜாதியை இழப்பானேன் என்பது அவர் எண்ணம். தமக்குச் சாவு வரட்டும் என்று இருந்துவிட்டார்.

நேயர்களே, அந்த சுபேதாரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டியவர் அவர், கோழை அல்ல. சிறு வயதிலிருந்து பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைச் சாகும் தறுவாயிலும் விடாமல் பிடித்துக்கொண்டார். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு, பிணங்களைத் தாண்டி, நரிகளைத் தாண்டி வந்த அந்தக் கிழவியின் முகத்துக்கு எதிரே, 'உன் கையால் வேண்டாம்' என்று தலையைத் திருப்பியபோது, அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அப்படியும் அவள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடவில்லை. அடுத்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

 பிறகு உனியாரா ராஜாவின் ஆட்கள் வந்து காயம்பட்டவர்களைத் தூக்கிப் போனார்கள். ராஜா நல்ல மனிதர். வைத்தியம் செய்து, பிறகு விடுதலையும் செய்தார். படைக்குத் திரும்பியதும் ஸ்கின்னர் அந்தக் கிழவிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினார். கூடவே ஒரு செய்தியும் அனுப்பினார்: அவளைத் தம் தாயாகவே நினைப்பதாக.

ஆயிரம் ரூபாயைக் கணக்குப் பாருங்கள். சேர்ந்தபோது அவருக்கு மாதச் சம்பளம் நூற்றைம்பது. ஆனால் எனக்கு அந்த ரூபாயைவிட அந்த வார்த்தைதான் பெரிதாகத் தெரிகிறது. குல மானத்துக்காக உயிரை விட்ட ராஜபுத்திரப் பெண்ணின் மகன், தொடக்கூடாத குலம் என்று ஊர் சொன்ன ஒரு கிழவியை 'தாயே' என்றார்.

போர்க்களத்தில் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு கோயில் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அது பின்னால் வருகிறது.

1803-இல் சிந்தியாவுக்கும் இங்கிலீஷ்காரர்களுக்கும் யுத்தம் மூண்டது. பெரோன், தம் படையிலிருந்த இங்கிலீஷ் ரத்தம் உள்ள அதிகாரிகளை எல்லாம் வெளியேற்றினார். ஸ்கின்னர், தாம் சிந்தியாவின் உப்பைத் தின்றவர் என்றும், அவருக்காகவே போரிடுவதாகவும் மன்றாடிப் பார்த்தார். பெரோன் நம்பவில்லை. கம்பெனிக்காரனுக்குத் தாய் இந்தியப் பெண் என்பது குறை. சிந்தியாவின் தளபதிக்குத் தகப்பன் வெள்ளைக்காரன் என்பது குறை. இரண்டு பக்கமும் இடம் இல்லாத மனிதர்!

கடைசியில் இங்கிலீஷ் தளபதி லேக் பிரபுவிடம் போனார். கம்பெனியின் சட்டப்படி அதிகாரி உத்தியோகம் கிடையாது. ஆனால் யுத்த சமயத்தில் திறமைசாலி வேண்டுமே! சட்டத்துக்கு வெளியே, ஒழுங்குப் பட்டாளத்தில் சேராத ஒரு குதிரைப்படைக்குத் தலைவராக்கினார்கள். ஸ்கின்னர் ஒரு நிபந்தனை விதித்தார்: பழைய எஜமானர் சிந்தியாவுக்கு எதிராக மட்டும் தம்மை அனுப்பக்கூடாது. லேக் ஒப்புக்கொண்டார்.

டில்லிச் சண்டை முடிந்ததும் சிந்தியாவின் படையிலிருந்து இரண்டாயிரம் குதிரை வீரர்கள் கம்பெனியின் பக்கம் வந்தார்கள். உங்களுக்குத் தலைவராக யார் வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லோரும் ஒரே குரலில் 'சிக்கந்தர் சாகிப்!' என்று கூவினார்களாம். ஸ்கின்னர் என்ற பெயர் அவர்கள் வாயில் சிக்கந்தர் ஆகிவிட்டது. சிக்கந்தர் என்றால் மகா அலெக்சாந்தர்! கம்பெனி தர மறுத்த பட்டத்தைச் சிப்பாய்கள் தந்துவிட்டார்கள்.

அந்தப் படைக்கு மஞ்சள் நிறச் சீருடை. ராஜபுத்திரர்கள் உயிரை வெறுத்துப் போருக்குப் புறப்படும்போது மஞ்சள் உடை தரிப்பார்கள். அதிலிருந்து வந்த வழக்கம் என்று ஒரு விளக்கம் உண்டு. அப்படியானால் பெயரில்லாமல் போன தாயாரின் குல நிறந்தான் மகனுடைய படையின் நிறமாயிற்று. பாரசீகத்தில் ஒரு வாசகத்தையும் அந்தப் படை தன் குறிக்கோளாக வைத்துக்கொண்டது. மனிதனின் தைரியத்துக்குக் கடவுள் துணை என்பது அதன் பொருள்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, 1826-இல், பரத்பூர்க் கோட்டை முற்றுகை. அதுவும் ஒரு பங்காளிச் சண்டைதான். பட்டத்துக்கு உரிய சிறுவனைத் தள்ளிவிட்டு ஒன்றுவிட்ட உறவினன் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் போரில் மஞ்சள் படை பெயர் எடுத்தது. அதற்குப் பிறகுதான் ஸ்கின்னருக்கு இங்கிலாந்து மன்னரின் லெப்டினன்ட் கர்னல் பதவியும், 'ஆர்டர் ஆஃப் தி பாத்' என்ற உயர்ந்த விருதும் வந்தன. பதினேழு பதினெட்டு வயதில் கேட்டது ஐம்பதை நெருங்கும்போது கிடைத்தது.

அவர் உத்தமரா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். கூலிக்குப் போரிட்டவர். அவருடைய வாள் கம்பெனி ராஜ்யம் வளரத்தான் உதவியது. அவர் வீட்டில் மனைவியர் எத்தனை பேர் என்பதில் எழுதுகிறவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை! ஆனால் மனிதர்களை உற்றுப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. 1825-இல் பாரசீக மொழியில் ஒரு பெரிய நூல் எழுதினார். நாட்டில் எத்தனை ஜாதிகள், அவரவர் தொழில் என்ன, பழக்கம் என்ன என்று சித்திரங்களோடு சொல்லும் நூல். ராஜாவும் அதில் உண்டு. கைவினைஞரும் பக்கீரும் உண்டு.

நேர்த்திக்கடன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நம்மில் பலர், பிள்ளைக்கு வேலை கிடைத்தால் வடிவுடையம்மனுக்குப் புடவை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு, வேலை கிடைத்த பிறகு அடுத்த ஆடி, அதற்கடுத்த தை என்று தள்ளிப்போடுகிறோம். ஸ்கின்னரும் தள்ளிப்போட்டார். ஆனால் மறக்கவில்லை. டில்லியில் காஷ்மீர் வாசலுக்குப் பக்கத்தில், தம் சொந்தப் பணத்தில், உயரமான கும்மட்டத்தோடு ஒரு தேவாலயம் கட்டினார். நம் ராயபுரத்தில் படகுத் தொழில் செய்தவர்கள் இராயப்பருக்குக் கோயில் எழுப்பி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அது 1829; இது 1836. தனி ஒரு மனிதர், உடம்பில் குண்டு பாய்ந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து, தம் கடனைத் தீர்த்தார். அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது.

1841-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி ஹான்சியில் காலமானார். அடுத்த மாதம் உடலை டில்லிக்குக் கொண்டுவந்து அதே தேவாலயத்தில் பீடத்துக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். அவர் கேட்டது அந்த இடம் அல்ல என்று சொல்வார்கள். வாசற்படிக்கு அடியில் தம்மைப் புதைக்க வேண்டும், பாவிகளில் பெரிய பாவியான தம்மை உள்ளே போகிறவர்கள் எல்லோரும் மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசையாம். அவர் திரட்டிய படை நம் இந்திய ராணுவத்தில் இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது. குதிரை போய் டாங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தளபதிக்குப் படையில் பெயர் இருக்கிறது. தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சரித்திரம் இருக்கிறது. சோள ரொட்டியும் தண்ணீரும் கொண்டு வந்த அந்தத் தாய்க்கு? ஆயிரம் ரூபாய் அனுப்பினார். அம்மா என்று சொல்லி அனுப்பினார். தம் கதையில் அவளைப் பற்றி எழுதினார். எல்லாம் செய்த அந்த மனிதர், ஒன்றைச் செய்ய மறந்துவிட்டார். அவள் பெயரை எழுதவில்லை. அவள் குலம் நமக்குத் தெரியும். கூடையில் என்ன ரொட்டி இருந்தது என்பதுகூடத் தெரியும். பெயர் தெரியாது.

ராயபுரத்துச் சகோதரி! இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

குழந்தையிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், அவளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சற்று உரக்கவே சொல்லுங்கள். அடுத்த அறையில் மாமியார் விழித்துத்தான் இருப்பார். கதை கேட்க வேண்டாம் என்று எந்த மாமியாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. சுபேதாரின் கட்டம் வரும்போது அவரை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் தண்ணீரை மறுத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு, சிறிது நேரம் சும்மா இருங்கள். மற்றதைக் குழந்தையே கேட்பாள், பெரியவரும் யோசிப்பார். அவரும் யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். அவர் பயத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஜேம்ஸின் தாயாரிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாகமாக இருந்தால் என்ன செய்வது என்று குழந்தை கேட்டாளே, அதற்குப் பதில் சுலபம். எதிர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும். அந்த வீட்டுக் குழந்தை வெயிலில் வந்தால், நம் வீட்டுக் குடத்திலிருந்து மொண்டு கொடுக்கட்டும்.

இன்னும் ஒரு விஷயம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். உங்கள் பெண்ணின் வகுப்பு இருக்கிறது. ரேஷன் கடை இருக்கிறது. இட்டிலி இரண்டு என்ற கணக்குக்கூட இருக்கிறது. தண்ணீர் கொடுத்தவரை 'எதிர் வீட்டுக்காரி' என்றே எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையில் தண்ணீர் லாரி வரும்போது அவர் பக்கத்தில் போய் நின்று, முதலில் பெயரைக் கேளுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுதுங்கள்.